மெமரிக்கு ஒரு வரம்பு: எல்லையோரப் பள்ளிக்கூடத்துக் கதை

2008-ல் ஒரு நாள் ராத்திரி ஊரிலிருந்து தங்கச்சி போன் பண்ணினாள். பாலக்காடு ஜில்லா சித்தூர் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சர். "அண்ணா, புள்ள அடிச்சு வெச்சதெல்லாம் போச்சுண்ணா!"

விஷயம் இதுதான். பத்தாம் வகுப்பு ஐ.டி. பிராக்டிகலுக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள். மெஷினில் மெமரி மொத்தமே 128 எம்.பி. ஒரு பெண் முக்கால் மணி நேரமாகத் தமிழில் கடிதம் அடித்துக்கொண்டிருந்தாள். அதே மெஷினில் தோழி பிரவுசரைத் திறந்தாள். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடியது. அப்புறம் கடிதம் இருந்த ஜன்னலையே காணோம்.

"வைரஸாண்ணா?"

"இல்லம்மா, கர்னலே செஞ்ச வேலை" என்றேன். நம்பவில்லை. அவளுக்கு அன்று சொன்ன கதையைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் சொல்கிறேன்.

இல்லாத மெமரியை இருப்பதுபோல் காட்டும் வித்தை 1962-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கம்ப்யூட்டரில் வந்தது. டாம் கில்பர்ன் குழுவின் வேலை. உள்ளே வேகமான மெமரி 16,384 சொற்கள்தான். மெதுவான டிரம்மில் 98,304 சொற்கள். இரண்டையும் ஒரே மெமரியாக ப்ரோக்ராமுக்குக் காட்டினார்கள். வேண்டிய பக்கத்தை உள்ளே இழுத்து, வேண்டாததை வெளியே தள்ளுவது மெஷினின் பொறுப்பு. விர்ச்சுவல் மெமரி என்பது இதுதான்.

வித்தைக்கு விலை உண்டு. ஆளுக்கு ஆள் மெமரி கேட்டால், பக்கங்களை மாற்றி மாற்றி இழுப்பதிலேயே நேரம் போய்விடும், வேலை நடக்காது. பீட்டர் டென்னிங் 1968-ல் இதை ஆராய்ந்து எழுதினார். பெயர் த்ராஷிங். தங்கச்சி கேட்ட கரகர சத்தம் அதுதான்.

லினக்ஸுக்கு இந்த வித்தை வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கர்னலை வெளியிட்டார். ஜெர்மனியில் ஒருவரிடம் 2 எம்.பி. மெமரிதான் இருந்தது, அதில் கர்னலைக் கம்பைல் பண்ண முடியவில்லை. அவர் கேட்டதற்காக அந்த வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் உட்கார்ந்து எழுதி, 1992 ஜனவரியில் 0.12 பதிப்பில் டிஸ்க்குக்குப் பக்கங்களைத் தள்ளும் வசதியைக் கொடுத்தார். ஆக, கைவசம் கம்மியாக இருந்தவருக்காக வந்த வசதி இது.

சரி, கடிதம் ஏன் போனது? சித்தூர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. மணக்கடவு அணைக்கட்டில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் நமக்கு என்று அதில் இருக்கிறது. மழை பொய்த்த வருடத்தில் காகிதத்தில் இருக்கும் எண் வேறு, வாய்க்காலில் வரும் தண்ணீர் வேறு என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும். கர்னலும் அப்படித்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்று நம்பி, கையில் இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுக்கும். இதற்கு ஓவர்கமிட் என்று பெயர். எல்லாரும் கேட்டுவிட்டால் யாராவது ஒருவரைக் கொன்று மெமரியை மீட்கும். பெரும்பாலும் அதிக மெமரி பிடித்திருப்பவர்தான் பலி. அன்றைக்கு ஓப்பன் ஆபீஸ்.

இந்த வாக்குறுதியைக் கட்டுப்படுத்தவும் வழி உண்டு. 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் ஓவர்கமிட் அமைப்புக்கு மூன்று நிலைகள். 0 என்றால் அநியாயமாகக் கேட்டால் மட்டும் மறுக்கும். 1 என்றால் எதையும் மறுக்காது. 2 என்றால் கறார்: ஸ்வாப் முழுவதும், மெமரியில் பாதியும், அதற்கு மேல் கிடையாது. 128 எம்.பி. மெஷினில் 2 போட்டால் பல ப்ரோக்ராம்கள் திறக்கவே திறக்காது! அதனால் வேறு வழி எடுத்தோம். டிஸ்க்கில் ஸ்வாப் இடத்தைக் கூட்டினோம். பிரவுசருக்கு மட்டும் யூலிமிட் கட்டளையால் உச்சவரம்பு வைத்தோம். ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் இப்படி வரம்பு வைக்கும் வசதி 1983-ல் வந்த 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸ் காலத்துச் சொத்து. இனி பேராசை பிடித்தால் பிரவுசர் விழும், கடிதம் பிழைக்கும்.

கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001-ல் தொடங்கியது. பின்னர் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. லைசென்ஸ் காசு மிச்சம் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. திறந்த கர்னல் என்பதால்தான் ஒரு டீச்சர் போனில் கேட்டுக்கொண்டே வரம்பை மாற்ற முடிந்தது. சித்தூரானாலும் மூணாறு, பீர்மேடு ஆனாலும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் புது மெஷின் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அதே 2008-ல் வந்த 2.6.25 கர்னலில், ஒரு கூட்டம் ப்ரோக்ராம்களுக்குச் சேர்த்தே மெமரி வரம்பு வைக்கும் வசதி சேர்ந்தது. அதை எழுதியவர்களில் முக்கியமானவர் ஐ.பி.எம்.மில் இருந்த பல்பீர் சிங். இன்று கிளவுட் சர்வர்களில் ஓடும் கன்டெய்னர்கள் இதை நம்பித்தான் நிற்கின்றன.

வரம்பு என்றால் நமக்குக் கசக்கும். ஆனால் முன்னாலேயே "இவ்வளவுதான்" என்று சொல்வது, வாக்குக் கொடுத்துவிட்டுப் பாதி வேலையில் கழுத்தை அறுப்பதைவிட நல்லது. மெமரிக்கும் அப்படித்தான், தண்ணீருக்கும் அப்படித்தான்.

அந்தப் பெண் மறுநாள் கடிதத்தை முதலிலிருந்து அடித்தாளாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் சேவ் பண்ணிக்கொண்டே!