சமரசம் செய்வோர்க்கும் ஒரு துணை

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் சிற்றாறு பெருகும். தென்காசி வட்டாரத்துக் குளங்களில் நீர் ஏறும். நீர் வரும் வழியே வழக்கும் வரும். மடையை முதலில் திறப்பது யார், வரப்பை வெட்டியது யார் என்னும் கேள்விகள் ஊர்ப் பெரியவரின் திண்ணைக்கும், சில வேளைகளில் பங்குப் பணியாளரின் மேசைக்கும் வந்து சேரும். வழக்கைத் தீர்த்தவரை ஊர் போற்றும். ஆனால், அவர் தீர்த்த விதத்தை அவரோடு அமர்ந்து ஆராய்பவர் அரியர்.

இக்குறையை முன்னோர் உணர்ந்திருந்தனர். காலை முதல் மாலை வரை தனியே வழக்குக் கேட்ட மோசேயின் களைப்பைக் கண்டு வழி சொன்னவர் அவருடைய மாமனார் இத்திரோ (விடுதலைப் பயணம் 18). அருகிருந்து பார்த்துச் சொன்ன அவரை மேற்பார்வையாளரின் முன்னோடி எனலாம்.

மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் தோன்றிய 'திதஸ்காலியா' என்னும் திருச்சபை ஒழுங்கு நூல், ஆயர் வழக்குகளைத் திங்கட்கிழமையில் கேட்க வேண்டும் என்கிறது. பிணக்கு நீடித்தாலும் ஞாயிறு திருப்பலிக்கு முன் ஒப்புரவாக அவகாசம் இருக்கும் அல்லவா? விசாரணையின்போது குருக்களும் திருத்தொண்டர்களும் ஆயரோடு இருக்க வேண்டும் என்றும் அந்நூல் கூறுகிறது.

நம் மண்ணிலும் சான்று உண்டு. திருநெல்வேலிக்கு வடக்கே உள்ள மானூரில், சுமார் 800ஆம் ஆண்டின் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று உள்ளது. எதற்கெடுத்தாலும் 'அல்ல, அல்ல' என்று மறுத்துச் சபையை முடக்குவோர்க்கு ஐந்து காசு தண்டம் என்கிறது அது. தீர்ப்புச் சொல்ல அமர்வோரும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவரே.

இக்காலத்தில் இதற்கு முறையான வடிவம் கிடைத்தது. 1925ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்கு ஆன்டன் பாய்சன் என்னும் போதகர் இறையியல் மாணவர் சிலரை அழைத்துச் சென்றார். நோயாளரோடு நிகழ்ந்த உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதி வந்து வழிகாட்டியின் முன் வைக்கும் முறை அம்மரபில் வளர்ந்தது. சமரசர்க்கும் அது பொருந்தும். மேற்பார்வையாளர் வழக்கை மீண்டும் விசாரிப்பதில்லை. "யார் பக்கம் உம் மனம் சாய்ந்தது? யார் குரலை நீர் கேட்கவில்லை?" என்று வினவுவார், கேட்டதை மறைவாகக் காப்பார். தீர்ப்பிடாமல் கேட்பதும் தாமே விடை சொல்லிவிடாமல் வினவுவதும் தனித் திறன்கள். அவற்றிற்கும் பயிற்சி தேவை.

2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கியது. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம், ஊர் அமைதியைப் பாதிக்கும் பிணக்குகளுக்கு மூவர் குழுவை வகுத்துள்ளது. நீதிமன்றச் சமரசர்க்குத் தொடக்கப் பயிற்சி உண்டு. பின்னர் அவரோடு உடன்நடப்போரையும் நாம் உருவாக்க வேண்டும்.

இதை என் தவற்றிலிருந்தே சொல்கிறேன். ஒருமுறை, இரு சகோதரரின் பாகப்பிரிவினையை ஒரே மாலையில் முடித்து வைத்தேன். உடனிருந்த சகோதரி மௌனமாகக் கையெழுத்திட்டார். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கொண்டேன். அது அச்சம் என்று அறிந்தபோது நிலம் கைமாறிவிட்டது. அன்றிரவு யாரேனும் என்னிடம், "அந்தப் பெண் என்ன சொன்னார்?" என்று கேட்டிருந்தால், மறுநாளே அவர் வீட்டுக்குச் சென்றிருப்பேன்.

மாதம் ஒரு மாலை, ஊர்ப் பெரியவரும் அன்பியப் பொறுப்பாளரும் பணியாளரும் பெயர்களை மறைத்துத் தம் வழக்குகளை ஒருவர்முன் ஒருவர் வைக்கலாமே. அதை நடத்தப் பயிற்சி பெற்ற ஒருவர் மறைவட்டத்திற்கு ஒருவராவது வேண்டும். அடுத்த சாரலுக்கு முன் தொடங்குவோமா?