எவ்வளவு வளரும்? – கேட்காமல் விட்ட ஒரு கேள்வியின் வரலாறு

மீன் கடைக்குள் போகிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "இது எவ்வளவு?" என்பதுதான். கடைக்காரர் விலையைச் சொல்வார், நாம கொஞ்சம் குறைச்சுக் கேட்போம். பொலித்தீன் பையில் தண்ணியும் காற்றும் அடைச்சு, வாயை இறுக்கிக் கட்டிக் கையில் தந்துவிடுவார். அதே கேள்வியோடு ஒரு சொல்லைச் சேர்த்தால் வேறொரு கேள்வி வரும்: "இது எவ்வளவு வளரும்?" அதை நாம கேட்கிறதும் குறைவு, அவர் தானாகச் சொல்வதும் குறைவு.

இந்த இரண்டாவது கேள்வி இலங்கையில் கேட்கப்படாமல் போனதற்கு ஏறத்தாழ 140 வருட வரலாறு இருக்கு. அதைக் கொஸ்லந்தையில் இருந்து பேசுவதற்கும் ஒரு காரணம் இருக்கு.

நம்ம ஊர்த் தண்ணி எங்கே போகுது?

கொஸ்லந்தை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று தியலும நீர்வீழ்ச்சி. இன்னொன்று 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையை மூடிய மண்சரிவு. இவற்றைத் தாண்டி நாமே அதிகம் யோசிக்காத ஒன்று, இந்த மலைத் தண்ணியின் பாதை.

பூனாகலைப் பக்கமிருந்து வரும் ஓயாதான் தியலுமவில் 220 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அந்தத் தண்ணி பிறகு குடா ஓயாவில் சேர்ந்து, அதன் வழியே கிரிந்தி ஓயாவுக்குப் போகிறது. கிரிந்தி ஓயா கீழே லுனுகம்வெஹெர நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது, திஸ்ஸமஹாராமைப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. வயல்களில் இருந்து வடியும் நீரில் ஒரு பங்கு, இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமான புந்தலவின் களப்புகளில் போய்ச் சேர்கிறது. லயத்துக்குப் பின்னால் ஓடுகிற சின்ன ஓடைக்கும், கடற்கரையோரத்துப் பறவைச் சரணாலயத்துக்கும் ஒரே தண்ணித் தொடர்பு.

இந்தப் பாதை கீழ்நோக்கி மட்டும்தான் போகும். தியலுமவுக்குக் கீழே இருக்கிற மீன் மேலே ஏறி வர முடியாது. மேலே விட்ட மீனும் அதன் குஞ்சும் வெள்ளத்தோடு கீழே போகலாம். மலையில் இருக்கிறவர்களின் சின்ன முடிவு சமவெளியில் இருக்கிறவர்களின் பெரிய பிரச்சினையாவது இப்படித்தான்.

விளையாட்டுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று

வெளிநாட்டு மீனை நம்ம மலை ஆறுகளில் திட்டமிட்டு விட்டவர்கள் ஆங்கிலேயர்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டமாக வளர்க்கத் தொடங்கினார். அடுத்த இருபது ஆண்டுகளில் மலைநாட்டின் முகமே மாறிப்போச்சு. தோட்டத் துரைமாருக்குத் தங்கள் ஊர் குளிர் கிடைத்தது, தங்கள் ஊர் பூக்களும் மரக்கறியும் கிடைத்தன. தூண்டில் போட்டுப் பொழுது போக்கத் தங்கள் ஊர் மீன் மட்டும் இல்லை. 1880களில் ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஆறுகளில் பழக்கிப் பார்த்தார்கள். 1896இல் இதற்கென்று 'சிலோன் ஃபிஷிங் கிளப்' என்ற சங்கமே உருவானது. முதலில் கொண்டுவந்த பழுப்பு ட்ரவுட் நிலைக்கவில்லை. பின்னால் வந்த வானவில் ட்ரவுட் நிலைத்தது. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் இன்றைக்கும் அது இருக்கு.

அந்த ஓடைகளில் ஏற்கனவே வாழ்ந்த சிறு உயிர்களுக்கு என்ன ஆகும் என்று அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு இறால் இனம் வாழ்கிறது. ட்ரவுட்டோ பூச்சி, இறால், சிறு உயிர் என்று கிடைத்ததை வேட்டையாடி உண்ணும் மீன்.

அடுத்தது சாப்பாட்டுக்கு வந்த மீன். 1952இல் ஆபிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா இலங்கைக் குளங்களுக்கு அறிமுகமானது. வறண்ட வலயக் குளங்களில் அது பெருகி, நன்னீர் மீன்பிடியின் முதுகெலும்பாகவே மாறியது. ஏழைகளின் தட்டுக்கு மலிவான மீன் வந்தது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ட்ரவுட்டோ திலாப்பியாவோ, இரண்டையும் தெரிந்தே ஒரு கூட்டமோ ஓர் அரசாங்கமோ கொண்டுவந்தது. நல்லதோ கெட்டதோ, "யார் விட்டது?" என்று கேட்டால் பதில் இருக்கு.

மூன்றாவது அலைக்கு அந்தப் பதிலும் கிடையாது.

அழகுக்கு வந்தவை

இலங்கை முதலில் அலங்கார மீனை வாங்கிய நாடு என்பதைவிட, விற்ற நாடு என்பதுதான் பொருந்தும். தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் கதை எத்தனை பேருக்குத் தெரியும்? ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மன் வணிகர், ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றும் விலங்குகளைத் தங்கவைத்த இடத்தின் தொடர்ச்சிதான் அது. 1936இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. உயிருள்ள விலங்கைப் பெட்டியில் அடைத்துக் கடல் தாண்டி விற்கும் தொழில் நம்ம நாட்டுக்குப் புதிதல்ல.

மீனிலும் அதேதான் நடந்தது. 1929இல் தெரணியகல விஞ்ஞான உலகுக்கு விவரித்த செரி பார்ப், மழைக்காட்டு ஓடைகளின் நிழலில் வாழும் இரண்டு அங்குலச் செந்நிற மீன். அதுவும் பிளாக் ரூபி பார்ப்பும் உலகம் முழுக்க வீட்டுத் தொட்டிகளுக்குப் போயின. காட்டு ஓடைகளில் இருந்து அள்ளி அள்ளி எண்ணிக்கை குறைந்த பிறகுதான் பாதுகாப்பு, தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பது பற்றியெல்லாம் பேச்சு வந்தது. இன்றைக்கு நம்ம நாட்டிலிருந்து போகும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பிக்குத்தான் பெரிய பங்கு. அதை வளர்த்துப் பிழைக்கும் சிறு குடும்பங்கள் இருக்கின்றன.

நம்மிடமிருந்து போனது இரண்டு அங்குல மீன். திரும்பி வந்ததில் ஒரு மீட்டர் மீனும் இருந்தது.

கடையில் இவற்றைப் பார்த்திருப்பீர்கள். மூன்று அங்குலத்தில் வெள்ளை வயிறும் சிவப்பு வாலுமாக நிற்கும் 'ரெட் டெயில் கெட்ஃபிஷ்' அமேசனில் ஒரு மீட்டரைத் தாண்டும். 'ஷார்க்' என்ற பெயரில் விற்கிற வெள்ளி நிறக் குஞ்சு சுறா இல்லை, மீகொங் ஆற்றுக் கெளுத்தி. அதுவும் ஒரு மீட்டரைத் தாண்டும். பக்கவாட்டில் வட்டப் புள்ளிகளோடு கத்தி போல இருக்கிற 'நைஃப் ஃபிஷ்' ஒரு மீட்டர் வரை போகும். ஒஸ்கார் ஓர் அடி. சாதாரண கோல்ட்ஃபிஷ்கூட இடமும் ஆயுளும் கிடைத்தால் ஓர் அடியை எட்டும். நம்ம வீட்டுத் தொட்டியோ இரண்டு அடி.

தொட்டிக்கு வெளியே

கொழும்பின் ஓரத்தில் இருக்கிற பெல்லன்வில–அத்திட்டிய ஈரநிலம் 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நைஃப் ஃபிஷ் தொட்டிகளில் இருந்து அங்கே வந்து சேர்ந்து, சிறு மீன்களை உண்டு வாழத் தொடங்கியது. சரணாலயப் பலகை மனிதருக்குத்தான். மீன் பலகை படிக்காது.

அடுத்தது 'டேங்க் கிளீனர்'. பாசி தின்னும் என்று இரண்டு அங்குலத்தில் வாங்குகிறோம். ஓர் அடியைத் தாண்டியதும் தொட்டிக்குள் திரும்பக்கூட இடமிருக்காது. இந்த அமேசன் மீன் இப்போது மகாவலியின் பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் பெருகி வாழ்வதை நம்ம ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, துடுப்பில் முள். வலையில் சிக்கினால் வலை கிழியும், பிடித்தாலும் வாங்க ஆளில்லை. கரை மண்ணில் வளை தோண்டி முட்டையிடும், ஆண் மீன் காவல் இருக்கும். தண்ணியில் ஒக்சிசன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும்.

கடைசியாக நடந்தது குருணாகல் மாவட்டத்துத் தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில். தாய்லாந்து, இந்தோனேசியப் பக்கத்து ராட்சத விரால் அங்கே பெருகிவிட்டது. இதன் குஞ்சு சிவந்த கோடுகளோடு அழகாக இருக்கும். வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும் வேட்டைமீன். அலங்கார மீன் இறக்குமதியோடு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. உள்ளூர் மீனவர்களின் வலையில் வழக்கமான சிறு மீனும் இறாலும் குறையத் தொடங்கின. 2025இல் அதைப் பிடிக்கத் தூண்டில் போட்டியே நடத்திப் பார்த்தார்கள், ஒன்றுகூட மாட்டவில்லை. பிறகு மீனவர்கள் தாங்களே வழி தேடி, பிடிபடுவதைக் கருவாடாக்கி விற்கத் தொடங்கினார்கள். மீனை இறக்கியவர் யார், விற்றவர் யார், ஆற்றில் விட்டவர் யார் என்று தெரியாது. விலை கொடுப்பவர் யார் என்று மட்டும் தெரியும்.

இது நம்ம நாட்டுக் கதை மட்டுமில்லை. 2018 ஓகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவின் ஆறுகளில் அமேசனின் அரபைமாவும், அமெரிக்காவின் முதலைமூக்கு மீனான அலிகேட்டர் காரும் பிடிபட்டன. குளங்களில் வளர்த்தவை வெள்ளத்தில் வெளியேறியிருந்தன. 2021இல் அமெரிக்காவின் பர்ன்ஸ்வில் நகரசபை, "தயவுசெய்து வளர்ப்புக் கோல்ட்ஃபிஷை ஏரியில் விடாதீர்கள்" என்று மக்களிடம் கேட்டது. ஏரியில் பிடிபட்டவை கால்பந்து அளவுக்கு வளர்ந்திருந்தன.

பாவம் பார்த்து விடுகிறவர்கள்

மீனை ஆற்றில் விடுகிற யாரும் கெட்டவர்கள் இல்லை. "பாவம், தொட்டிக்குள்ள கிடந்து கஷ்டப்படுது", "கொன்னா பாவம், விட்டா புண்ணியம்" என்றுதான் விடுகிறார்கள். உயிர்மேல் இரக்கப்படுகிற சமூகம் என்பதால்தான் இந்தத் தவறு இவ்வளவு சுலபமாக நடக்குது. ஒரு மீனுக்குக் காட்டிய இரக்கம், கல்லை உறிஞ்சிப் பிடித்து வாழும் நம்ம ஓடையின் கல் பாண்டியாவுக்கும், கீழே வலை வீசுகிறவருக்கும் வினையாக முடியலாம் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: "மீன் தொட்டிக்கு ஏத்த மாதிரித்தான் வளரும்." அப்படி இல்லை. சின்னத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா தேங்கி, உடல் நலிந்து, வளர்ச்சி தடைப்படுகிறது. முதுகெலும்பு வளைந்து, ஆயுள் முடியும் முன்னே சாகும். நாம அதைப் பார்த்து "அளவாத்தான் இருக்கு" என்று திருப்திப்படுகிறோம்.

'அந்நிய இனம்' என்ற சொல்

ஒரு விஷயத்தில் நாம கவனமாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட மீன்களைப் பற்றி எழுதும்போது 'அந்நிய இனம்', 'ஆக்கிரமிப்பு', 'வந்தேறி' என்று சொற்கள் சரளமாக வரும். மலையகத்தில் பிறந்த நமக்கு இந்தச் சொற்கள் காதில் வேறு மாதிரி விழும். நம்ம முப்பாட்டன் முப்பாட்டியைக் கொண்டுவந்து வேலை வாங்கிவிட்டு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கியதும், 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணிக்கை போட்டுப் பிரித்துக்கொண்டதும் நமக்குப் பாடப்புத்தக விஷயம் இல்லை.

மனிதரையும் மீனையும் ஒப்பிடக் கூடாது. மனிதருக்கு எங்கே வாழவும் உரிமை உண்டு; மீனை விடும் ஆற்றுக்கு ஒரு தாங்குதிறன் உண்டு. ஆனால் நம்ம வரலாறு ஒரு பழக்கத்தைக் கற்றுத் தந்திருக்கு. யார் எங்கிருந்து வந்தார் என்று விரல் நீட்டுவதை விட்டு, யார் கொண்டுவந்தார், யார் சம்பாதித்தார், வேண்டாம் என்றானதும் யார் கைகழுவினார் என்று கேட்கிற பழக்கம். மீன் விஷயத்திலும் அதைத்தான் கேட்க வேண்டும். டேங்க் கிளீனர் அமேசனில் இருந்து நீந்தி வரவில்லை.

வாங்குபவரும் விற்பவரும்

சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் இருக்கு. உயிர் மீன் இறக்குமதி, ஏற்றுமதிக்கான ஒழுங்குவிதிகள் 1998இல் வந்தன. ஆனால் அவை காவல் நிற்பது விமான நிலையத்தில். ஓர் ஓடைக்கரையில் வாளியைக் கவிழ்க்கிற கையை எந்த அதிகாரியும் பார்க்கப்போவதில்லை. மிச்சம் இருக்கிற வேலை கடையிலும் வீட்டிலும்தான்.

வாங்குகிற நாம, வளர்ந்த அளவைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுக்கலாம். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கையில் ஃபோன் இருக்கு, தேடிப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். இரண்டு அடித் தொட்டிக்குக் கப்பி, மொலி, பண்ணையில் பெருக்கிய செரி பார்ப் போதுமானவை, பார்க்கவும் அழகு. அவற்றையும் ஆற்றில் விடக்கூடாது.

விற்கிறவர்களிடம் நாம கேட்க வேண்டியவை மூன்று. கண்ணாடியில் விலையை எழுதுகிற இடத்திலேயே முழு வளர்ச்சி நீளத்தையும் எழுதுங்கள். ஒரு மீட்டர் மீனை இரண்டு அடித் தொட்டிக்காரருக்கு விற்காதீர்கள். வளர்ந்த மீனைத் திருப்பிக் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் முக்கியம், ஏனென்றால் திருப்பிக் கொடுக்க ஓர் இடம் இருந்தால் ஆற்றைத் தேடிப் போகிறவர்கள் குறைவார்கள். கடைக்கும் நட்டமில்லை, பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கு அதே மீனை மறுபடி விற்கலாம்.

ஏற்கனவே மீன் பெரிதாகிவிட்டதா? முதலில் வாங்கிய கடையைக் கேளுங்கள். அடுத்து, பெரிய தொட்டியோ வெளியே தண்ணி போகாத சிமெந்துத் தாங்கியோ வைத்திருப்பவரைத் தேடுங்கள். எதுவும் சரிவராவிட்டால் மிருக வைத்தியரிடம் பேசுங்கள். ஓயா, குளம், கால்வாய், வயல் எதுவும் வேண்டாம்.

பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போய் அடுத்த தடவை மீன் வாங்கும்போது, கடைக்காரரிடம் அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேளுங்கள். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும். நாலு பேர் தொடர்ந்து கேட்டால், ஐந்தாவது ஆள் வருவதற்குள் கடைக்காரரே பதிலை எழுதி ஒட்டிவிடுவார்.