கற்பிக்க இயலாதவர் உளரோ?

குறையுடைய குழந்தைகளுக்குக் கல்வி புகட்டும் கலை இன்று பல்கலைக்கழகங்களில் பட்டப் படிப்பாக விளங்குகின்றது. அக்கலையின் வரலாறோ ஒரு வினாவைச் சுற்றியே வளர்ந்ததாகும். 'இக்குழந்தைக்குக் கற்பிக்க இயலுமா?' என்பதே அவ்வினா.

1800ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு அவேரோன் பகுதிக் காடுகளில் திரிந்த சிறுவன் ஒருவன் பாரிசு நகருக்குக் கொணரப்பட்டான். அவன் பேச அறியான். புகழ்பெற்ற மருத்துவர் பினேல், அவனைத் திருத்த இயலாத அறிவு வளர்ச்சி குன்றியவன் எனக் கூறினார். இளம் மருத்துவர் இத்தார் அம்முடிவை ஏற்றாரில்லை. சிறுவனுக்கு விக்டர் எனப் பெயரிட்டு, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கற்பித்தார். விக்டர் பேசக் கற்கவில்லை. எனினும், எழுதப்பட்ட சில சொற்களை இனங்கண்டுகொண்டான். இத்தாரின் வழிநின்ற செகேன் புலன்வழிப் பயிற்சியை முறைப்படுத்தினார். அவ்விருவர் நூல்களையும் ஆழ்ந்து கற்ற மரியா மாண்டிசோரி, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் கண்ட பயனை 1907இல் உரோமில் தாம் தொடங்கிய 'குழந்தைகள் இல்ல'த்திற்குக் கொண்டுசென்றார். ஒதுக்கப்பட்டோர்க்காகப் பிறந்த முறை அனைவர்க்கும் உரியதாயிற்று.

சட்டமோ மெல்லவே நடந்தது. இங்கிலாந்தில் 'கற்பிக்கத் தகாதவர்' எனும் பாகுபாட்டை நீக்க 1970ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. 1978இல் மேரி வார்னாக் தலைமையிலான குழு, மாணவருள் ஐவரில் ஒருவருக்குப் பள்ளிப் பருவத்தில் எப்போதேனும் சிறப்புதவி தேவைப்படலாம் என்றது. குறையின் பெயரை விடுத்துத் தேவையை நோக்குமாறு அறிவுறுத்தியது. 1994இல் ஸ்பெயின் நாட்டுச் சாலமாங்காவில் 92 அரசுகளின் பேராளர்கள் கூடி, பொதுப் பள்ளிகள் எல்லாக் குழந்தைகளையும் ஏற்றல் வேண்டும் என முழங்கினர்.

நம் நாட்டிலும் இவ்வரலாறு உண்டு. 1926இல் மலாக்காவில் பார்வையற்றோர்க்கான புனித நிக்கலஸ் இல்லம் தோன்றிற்று. 1993இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் சிறப்புக் கல்வியில் பட்டப் படிப்பைத் தொடங்கிற்று. ஆயினும், 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள், பிறர் துணையின்றித் தம்மைப் பேணிக்கொள்ள வல்லோரையே 'கற்பிக்கத் தக்கவர்' எனக் கொண்டன. பினேலின் குரல் இரு நூற்றாண்டு கழிந்தும் ஓயவில்லை! 2013இல்தான் அவ்விதிகளுக்கு மாற்றாகப் புதிய விதிகள் வந்தன.

பல்கலைக்கழகம் குறைகளை இனங்காணவும் பாடத்தைத் தகவமைக்கவும் கற்றுத்தரும். எனினும், பட்டம் பெற்ற ஆசிரியர் வகுப்பறையுள் நுழையுங்கால் பழைய வினா மீண்டும் எழும். அங்கு, 'இவனுக்குக் கற்பிக்க இயலுமா?' என்று கேட்பவர் பினேல் ஆகின்றார். 'இவனுக்கு எவ்வாறு கற்பிப்பது?' என்று கேட்பவரே இத்தார் ஆகின்றார். ஆசிரியப் பணியின் மேன்மை இவ்விரண்டாம் வினாவிலேயே அடங்கியுள்ளது.