பகடையற்ற போர்: பாத்திர விளையாட்டுகளில் முன்கணிக்கக்கூடிய மோதலின் ஈர்ப்பு

1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொட்டு, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் போரின் போக்கைப் பகடையே தீர்மானித்து வந்தது. கணினிக்கு வந்த பின்னும் வாள் படுமா தவறுமா என்பதைத் தற்செயல் எண்தான் சொன்னது. அதை அறவே விலக்கிய ஆட்டங்களும் உண்டு. அவற்றின் ஈர்ப்பை நியாயவுணர்வாக மட்டும் விளக்குவது எளிது: தோற்றால் பழி அதிர்ஷ்டத்தின் மேல் விழாது. உண்மைதான், ஆனால் போதாது. தற்செயல் விலகும்போது பாத்திரத்தின் வளர்ச்சியே புதிராகிவிடுகிறது என்பது என் வாதம்.

1990களில் ஜப்பானில் உருவாகி, பின்னர் சீனாவில் பெருவழக்கான 'டவர் ஆஃப் த சோர்சரர்' இதற்குத் தெளிவான சான்று. வீரனின் தாக்குதல் மதிப்பிலிருந்து எதிரியின் தற்காப்பைக் கழித்தால் ஓர் அடியின் சேதம் கிடைக்கும். எதிரியின் அடிக்கும் இதே கணக்கு. எதிரிக்கு உயிர்ப்புள்ளி 50, தாக்குதல் 20, தற்காப்பு 1 என்றும், வீரனுக்குத் தாக்குதலும் தற்காப்பும் 10 என்றும் கொள்வோம். முதல் அடி வீரனுடையது. ஆறு அடிகளில் எதிரி வீழ்வான்; அதற்குள் ஐந்து அடி வாங்கி வீரன் 50 புள்ளி இழப்பான். தாக்குதல் 11 ஆனால் ஐந்து அடி போதும், இழப்பு 40. தாக்குதல் 12, 13 என்று ஏறினாலும் இழப்பு அதே 40தான். 14ஐத் தொட்டதும் 30க்கு இறங்குகிறது. தற்காப்போ அப்படியல்ல, எதிரியின் அடி பலிக்காமல் போகும்வரை கூடும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏதேனும் பலன் தரும்.

ஆக, தாக்குதலில் ஒரு புள்ளியின் மதிப்பு நிலையானதல்ல, படிகளாகத் தாவுகிறது. தற்செயல் கலந்த போரில் இந்தப் படிகள் சராசரிக்குள் மங்கிப்போகும். இங்கே அவை கூர்மையாக நிற்பதால், சிவப்புக் கல்லை எடுத்துத் தாக்குதலைக் கூட்டுவதா, நீலக் கல்லை எடுத்துத் தற்காப்பைக் கூட்டுவதா, எந்தக் கதவுக்குச் சாவியைச் செலவிடுவது என்பனவே உண்மையான போர்களாகின்றன. வாள்வீச்சு வெறும் கணக்குத் தீர்ப்பு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. சரியான வரிசை ஏறத்தாழ ஒன்றே என்றான பின் வீரன் துணிந்தவனா தயங்குபவனா என்பதற்கு இடமேது? ஒவ்வொரு முறையும் ஒரே அமைப்பில் இருக்கும் இந்தக் கோபுரத்தைப் பொறுத்தவரை இதை ஏற்கத்தான் வேண்டும்.

ஆனால் தென்னாப்பிரிக்காவின் கியூசிஎஃப் டிசைன் குழு உருவாக்கி 2013இல் முழு வடிவில் வெளியிட்ட 'டெஸ்க்டாப் டன்ஜன்ஸ்' வேறு வழி காட்டுகிறது. நிலவறை ஒவ்வொரு முறையும் புதிதாக அமையும். அடுத்த அடியின் விளைவோ அடிக்கும் முன்பே திரையில் தெரியும். தற்செயல் இங்கே ஒழியவில்லை, முடிவெடுப்பதற்கு முந்திய கட்டத்துக்கு நகர்ந்திருக்கிறது. நிலவறையில் இன்னும் அறியாத சதுரத்தைத் திறந்தால் வீரன் தேறுவான், காயம்பட்ட எதிரியும் தேறுவான். ஆகவே புதிய சதுரத்தைத் திறப்பதே ஒரு செலவு. இனம், தொழில், வழிபடும் தெய்வம் என எல்லாம் இந்தக் கணக்கில் சேர்கின்றன. தெய்வத்துக்கு உகந்தது செய்தால் அருள் கூடும், ஒவ்வாததைச் செய்தால் குறையும். ஒருவருக்குச் சரியான அடி, வேறு தெய்வத்தை வணங்குபவருக்குத் தவறான அடியாகலாம்.