மரச்செதுக்கில் கீறல் வரியும் கருவித் தெரிவும்: திருவில்லிபுத்தூர்த் தேரை முன்வைத்து

முன்னுரை

தேர்ச் சிற்பங்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் புராணக் கருப்பொருளையும் உருவ அமைதியையும் விளக்குகின்றன; செதுக்கிய கருவிகள் அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. விருதுநகர் மாவட்டம் திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளும் பெரிய தேரை முன்வைத்து, கீறல் வரிகளுக்கான கருவித் தெரிவையும் அவ்வரிகளின் சான்றுமதிப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

புடைப்பும் கீறலும்

தேரின் மேற்பகுதி மூங்கிலாலும் துணியாலும் ஆண்டுதோறும் கட்டப்படுவது. மரத்தாலான அடிப்பகுதியே நிலையானது. சிற்பங்கள் அங்கு அமைகின்றன. இலுப்பை, தேக்கு, வேங்கை முதலிய மரங்கள் தேர்ப்பணிக்குரியன. வெயிலில், தொலைவிலிருந்து காணப்படுவதால் உருவங்கள் ஆழ்ந்த புடைப்பாகச் செதுக்கப்படுகின்றன. ஆடை மடிப்பு, அணிகலன், கூந்தல் ஆகியவற்றின் நுட்பங்கள் அப்புடைப்பின்மேல் கீறல் வரிகளாக இடம்பெறுகின்றன.

இதற்கு மாறானது, 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய செருமானியக் கொல்லர் மரபில் உருவான நெடுங்குழல் துப்பாக்கி. குழலைத் தாங்கும் இடத்தில் அதன் மேப்பிள் மரக்கட்டை மிக மெல்லியது. ஆழச் செதுக்கினால் வலுவிழக்கும். கையில் ஏந்தி அருகிருந்து காணும் பொருளாதலின் ஆழமற்ற கீறலே அங்குப் போதுமானது. ஆகவே மரத்தின் தடிமனும் காணும் தொலைவும் செதுக்கின் ஆழத்தையும், ஆழம் கருவியையும் தீர்மானிக்கின்றன.

கருவித் தெரிவு

மிகுதியான மரத்தை அகற்ற வாய்ச்சியும், கொட்டாப்புளியால் அடிக்கப்படும் உளியும் பயன்படுகின்றன. கீறல் வரிக்கு ஆழம் சீராக இருத்தல் வேண்டும். எனவே உளி கையாலேயே தள்ளப்படுகிறது. இரு அலகுகள் கூர்ங்கோணத்தில் கூடும் வாயுடைய உளி, பள்ளத்தின் இரு பக்கத்தையும் ஒருங்கே வெட்டும். நேர்வரிக்கு அது ஏற்றது. வரி வளையுமிடத்திலோ ஓர் அலகு மர ரேகைக்கு இசைவாகவும் மற்றையது எதிராகவும் செல்வதால் மரம் பிய்ந்துவிடுகிறது. அத்தகைய இடங்களில் கத்திமுனையால் எல்லையை முதலில் கீறி, எதிர்ப்பக்கத்திலிருந்து சாய்வாக வெட்டுவதே பொருந்தும். அகன்ற, மென்மையான மடிப்பிற்கு வளைவாய் உளி உரியது. உளியின் தரம் கொல்லர் தரும் தோய்ச்சலைச் சார்ந்திருப்பதால், தச்சர்பணி கொல்லர்பணியின்றி நிறைவுறுவதில்லை.

சான்றாகும் வரி

பயன்பட்ட கருவி மறைந்தாலும் அதன் தடம் பள்ளத்தில் தங்குகிறது. உருண்ட அடிப்பகுதி வளைவாய் உளியைக் காட்டும். கூரிய அடிப்பகுதி கோணவாய் உளியையோ கத்தியையோ குறிக்கும். அடியில் மெல்லிய வெட்டு மிகையாக ஓடியிருப்பின் அது கத்தியின் தடம்.

முடிவுரை

திருப்பணியின்போது பழுதடைந்த பலகைகள் மாற்றப்படுகின்றன. எஞ்சியவை மெருகுப் பூச்சினால் மூடப்படுகின்றன. பள்ளம் நிரம்பினால் கருவித் தடமும் அழிகிறது. ஒளிப்படம் உருவத்தைக் காக்குமேயன்றி வரியின் குறுக்குவெட்டைக் காக்காது. எனவே பலகை அகற்றப்படுமுன் வரிகளை அச்செடுத்து, அகலமும் ஆழமும் அளந்து பதிவுசெய்தல் இன்றியமையாதது. தம் பெயரைப் பொறிக்காது சென்ற தச்சரின் கைத்திறனை அறிய அவ்வரிகளே நேர்ச்சான்று.