நாளுக்கு ஒரு முறை அளந்த மழை

நாமக்கல் மாவட்டத்தில் மழை பெய்த மறுநாள் செய்தித்தாளில் ஒரு பட்டியல் வரும். ராசிபுரம், சேந்தமங்கலம், மோகனூர் என்று போகும் ஊர்களுக்கு நடுவே 'கொல்லிமலை செம்மேடு' என்றும் இருக்கும். பக்கத்தில் இத்தனை மில்லிமீட்டர் என்று ஓர் எண். விவசாயிக்கு அது போதும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைச்சாலையில் சிறுபாலத்துக்குக் கணக்குப் போடும் பொறியாளருக்குப் போதாது. நாள் முழுக்கத் தூறியதா, ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்ததா?

மழையை அளக்கத் தொடங்கியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அவர்கள் கவலை விளைச்சல். அர்த்தசாஸ்திரம் மழை அளக்கும் பாத்திரத்தைக் களஞ்சியத்தின் முன்னால்தான் வைக்கச் சொன்னது. மண் நனைந்த ஆழத்தைப் பார்த்து 'ஓர் உழவு மழை' என்றார்கள் நம் உழவர்கள். பஞ்சாங்கம் இன்றைக்கும் மரக்கால் கணக்கில் மழை சொல்கிறது. பெய்வது வேறு விஷயம்.

1866, 1871 ஆண்டுகளில் பருவமழை பொய்த்துப் பஞ்சம் வந்த பிறகுதான், 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. தலைமை ஹென்றி பிளான்ஃபோர்ட். தாலுகா அலுவலக வளாகங்களில் சைமன்ஸ் மழைமானி நின்றது: 5 அங்குலப் புனல், உள்ளே ஒரு குப்பி. காலை 8.30 மணிக்கு ஊழியர் வந்து அளப்பார். முந்தைய நாளின் இடியும் சாரலும் ஒரே எண்ணில் கரைந்துவிடும்.

1889இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரச் சாக்கடைகளை ஆராய்ந்த எமில் குய்ச்லிங், மொத்த மழையைவிட அதன் வேகமே முக்கியம் என்று காட்டினார். 10 ஹெக்டேர் சரிவில் 60 மி.மீ. பெய்தால் விழுவது 60 லட்சம் லிட்டர். அது ஒரு மணி நேரத்தில் இறங்கினால் நொடிக்குச் சுமார் 1,700 லிட்டர். நாள் முழுக்கப் பரவினால் 70 லிட்டர்கூட இல்லை. மலைச்சரிவில் தண்ணீர் நிமிடங்களில் ஓடையை எட்டிவிடும் என்பதால் அரை மணி நேர மழைகூடக் கணக்கில் முக்கியம்.

அந்த வேகத்தைப் பிடிக்க, சுழலும் தாளில் பேனா கோடு இழுக்கும் தானியங்கி மழைமானி வந்தது. கோடு செங்குத்தாக ஏறினால் கனமழை. ஆனால் அது சில நிலையங்களோடு நின்றுவிட்டது. மற்ற இடங்களுக்கு வானிலைத் துறையின் ஒரு சூத்திரம் கைகொடுத்தது: வேண்டிய நேரத்தை 24 மணியால் வகுத்து, கனமூலம் கண்டு, நாள் மழையால் பெருக்க வேண்டும். 120 மி.மீ. நாள் மழைக்கு ஒரு மணி நேர அளவு சுமார் 42. சமவெளி நாமக்கல்லுக்கும் 1,000 மீட்டருக்கு மேலிருக்கும் செம்மேட்டுக்கும் ஒரே விகிதம். இது கொஞ்சம் அதிகப்படியான துணிச்சல்தான்.

இப்போதைய மின்னணு மழைமானிகள் நிமிடக் கணக்கையே தருகின்றன. 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழையைக் கணிக்கவோ பல பத்தாண்டுப் பதிவு வேண்டும். அதுவரை பழைய 8.30 மணிக் குறிப்பேடுதான் கணக்கின் அடிப்படை.