திரையும் சாட்சியும்: நூரம்பர்க் முதல் ஸ்ரெப்ரெனிட்சா வரை

1945ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பிற்பகல். ஜெர்மனியின் நூரம்பர்க் நகர நீதி மாளிகையில், 600ஆம் எண் கொண்ட மன்றத்தின் விளக்குகள் அணைக்கப்பட்டன. குற்றவாளிக் கூண்டின் விளிம்பில் பொருத்தப்பட்ட விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. கூண்டில் இருந்தோரின் முகங்களைக் காவலர்கள் கண்காணிப்பதற்கென்று செய்யப்பட்ட ஏற்பாடு அது. மன்றத்தின் நடுச் சுவரில் வெண்திரை. அதில் 'நாஜி வதைமுகாம்கள்' என்னும் படம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடியது. ஹிட்லரின் ஆட்சியில் பொருளாதார அமைச்சராக இருந்த ஷாக்ட் திரைக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார். வேறு சிலர் தலை கவிழ்ந்தனர். படம் முடிந்ததும், வழக்கமான ஒத்திவைப்பு அறிவிப்பைக்கூடக் கூறாமல் நீதிபதிகள் எழுந்து சென்றனர் என்று அன்று அங்கிருந்தோர் எழுதி வைத்துள்ளனர்.

போர்க்குற்ற விசாரணைகளைப் பற்றி எழுதுவோர் பலரும் இக்காட்சியோடு நின்றுவிடுகின்றனர். படம் ஓடியது, உண்மை வெளிப்பட்டது, நீதி நிலைநாட்டப்பட்டது என்று வரலாறு அத்துணை எளிதாக முடிந்துவிட்டது போன்ற தோற்றம் இதனால் எழுகிறது. அந்தப் படச்சுருள்களும் ஏடுகளும் எவ்வாறு சான்றாயின, பின்னர் அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்று பின்தொடர்ந்து பார்த்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. கண்ணால் கண்ட காட்சியும்கூடத் தானாகச் சாட்சியாகிவிடுவதில்லை. அதற்குப் பொறுப்பேற்கும் மனிதர் வேண்டும். அதைச் சோதிக்கும் மன்றம் வேண்டும். அதை மறைக்காமல் பாதுகாக்கும் காப்பகம் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் சாட்சியம் ஊனமடைகிறது.

ஏடுகளும் படச்சுருள்களும்

நூரம்பர்க்கில் அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சன். அவர் மனிதச் சாட்சிகளைவிட ஆவணங்களையே பெரிதும் நம்பினார். துன்புற்றவர் வந்து கூறும் சாட்சியைப் பகையின் விளைவென்று எதிர்த்தரப்பு ஒதுக்கிவிடலாம். குற்றவாளி தன் கையால் ஒப்பமிட்ட ஆணையை அவ்வாறு ஒதுக்க இயலாது. கைப்பற்றப்பட்ட ஜெர்மன் ஆவணங்களுள் 1,00,000க்கும் மேற்பட்டவை ஆராயப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 4,000 மொழிபெயர்க்கப்பட்டு வழக்கில் பயன்பட்டன. தனிப்பட்ட குற்றவாளிகளுக்கு எதிராக வழக்குத் தொடுத்தோர் தரப்பில் நேரில் வந்து சாட்சியளித்தோர் 33 பேர் மட்டுமே.

திரைப்படம் இவ்வாவணங்களிலிருந்து வேறுபட்டது. ஏட்டில் ஒப்பம் இருக்கும், படத்தில் இருக்காது. காட்சிகளைப் புனைய முடியும் என்பதை ஹாலிவுட் உலகுக்குக் கற்பித்திருந்த காலம் அது. ஆகவே வதைமுகாம் காட்சிகள் தொடங்குமுன் திரையில் தோன்றியவை பிரமாண வாக்குமூலங்களே. அவற்றுள் ஒன்றை அளித்தவர் இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். நேசநாட்டுப் படையினர் முகாம்களை அடைந்தபோது எடுத்த காட்சிகள் இவையென்று அவர் உறுதி கூறினார். மற்றொன்றை அளித்தவர் கடற்படை அதிகாரி ரே கெலாக். இவர் 1929 முதல் 1941 வரை ஹாலிவுட் நிறுவனமொன்றில் தந்திரக் காட்சிகளை அமைக்கும் பிரிவில் பணியாற்றியவர். மூலச் சுருள்களைத் தாம் ஆராய்ந்ததாகவும், அவற்றில் எவ்வித மாற்றமும் செய்யப்படவில்லை என்றும் அவர் சத்தியம் செய்தார். 80,000 அடி நீளச் சுருளிலிருந்து 6,000 அடி தெரிந்தெடுக்கப்பட்டது என்ற கணக்கும் அறிவிக்கப்பட்டது. பொய்க்காட்சி அமைக்கும் கலையில் வல்லவரையே 'இது பொய்யன்று' எனச் சொல்லவைத்தது நுட்பமான ஏற்பாடு எனலாம்.

செய்தியின் உள்ளடக்கத்துக்குச் செல்லுமுன், அதைக் கொண்டுவந்தவர் யார், யாரிடமிருந்து பெற்றார், அவர் நம்பத்தக்கவரா என்று விசாரித்த முஹத்திஸ்களின் இஸ்னாத் மரபை அறிந்த நமக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. துறைகள் வேறு, நோக்கங்களும் வேறு. ஆயினும் அறிவிப்பாளர் வரிசை அறுந்த செய்தி வலுவிழக்கிறது என்னும் அடிப்படை இரண்டுக்கும் பொதுவானதே.

திரை சொல்லாதவை

மெய்யான படமும் முழு உண்மையைச் சொல்லிவிடுவதில்லை. நவம்பர் 29இல் காட்டப்பட்ட படத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து முன்னேறிய படைகள் கண்ட முகாம்களே இடம்பெற்றன. டாஹவ், புக்கன்வால்ட், பெர்கன்-பெல்சன் ஆகியவை அவற்றுள் அடங்கும். யூத இனத்தை அடியோடு அழிப்பதற்கென்றே கிழக்கில் அமைக்கப்பட்ட கொலைக்கூடங்கள் அப்படத்தில் இல்லை. உரையாளரின் குரலிலும் யூதர் என்ற சொல் அரிதாகவே ஒலித்தது. ஆஷ்விட்ஸ், மைதானெக் முகாம்களின் காட்சிகள் 1946 பிப்ரவரி 19இல் சோவியத் தரப்பு காட்டிய படத்தின் வழியாகவே மன்றத்துக்கு வந்தன.

அதே சோவியத் தரப்பு மற்றொன்றையும் செய்தது. கதீன் காட்டில் போலந்து அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதை ஜெர்மானியரின் குற்றமென்று அது குற்றப்பத்திரிகையில் சேர்த்தது. அதற்கென ஓர் ஆணையத்தின் அறிக்கையையும் முன்வைத்தது. இருதரப்புச் சாட்சிகளையும் கேட்ட மன்றம், இறுதித் தீர்ப்பில் கதீனைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அக்கொலைகளைச் செய்தது தன் உளவுக் காவற்படையே என்று சோவியத் அரசு 1990இல்தான் ஒப்புக்கொண்டது. வென்றவர் கொண்டுவந்த ஆவணம் என்பதாலேயே ஓர் ஏடு மெய்யாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே வேளையில், இந்த ஒரு பொய்யைக் காட்டி நூரம்பர்க் ஆவணங்கள் அனைத்தையும் மறுக்க முனைவதும் அறிவுடைமையன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பதே முறை.

காப்பகத்தின் கதை

1946 அக்டோபர் 1இல் தீர்ப்பு முற்றுப்பெற்றது. 12 பேருக்கு மரண தண்டனை, 7 பேருக்குச் சிறை, 3 பேருக்கு விடுதலை. அதன்பின் விசாரணைப் பதிவுகள் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன. மன்றத்தில் பேசப்பட்ட ஏறத்தாழ 775 மணி நேர உரைகளைத் தாங்கிய 1,942 ஒலித்தட்டுகளும் அவற்றுள் அடங்கும். இதற்கு மாறாக, பத்து மாதங்களுக்கும் மேலாக நீடித்த அவ்விசாரணையில் படமாக்கப்பட்டது சுமார் 25 மணி நேரமே.

அந்தக் காட்சிகளைக் கொண்டு ஸ்டூவர்ட் ஷுல்பெர்க் உருவாக்கிய ஆவணப்படம் 1948இல் ஜெர்மனியில் திரையிடப்பட்டது; அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அது அனுப்பப்படவில்லை. அதற்குள் பனிப்போர் தொடங்கியிருந்தது. மேற்கு ஜெர்மனி நட்பு நாடாகிக்கொண்டிருந்தது. நேற்றைய கூட்டாளியான சோவியத் நாடு இன்றைய பகையாகியிருந்தது. குற்றத்தை வெளிப்படுத்த எடுத்த படம் அரசியலுக்கு இடையூறாயிற்று. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2009இல், இயக்குநரின் மகள் சாண்ட்ரா ஷுல்பெர்க்கும் ஜோஷ் வாலெட்ஸ்கியும் மூல ஒலிப்பதிவுகளைக் கொண்டு அதைச் செப்பனிட்டு வெளியிட்டனர். ஒலித்தட்டுகளும் பின்னர் கணினிப் பதிவாக்கப்பட்டன. காப்பகத்தில் இருப்பது ஒன்று. மக்கள் காண இயல்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே அறுபது ஆண்டுக் காலம் கிடந்ததை நாம் மறத்தலாகாது.

ஸ்ரெப்ரெனிட்சாவின் சுருள்

நூரம்பர்க் விசாரணைக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் ஐரோப்பாவிலேயே மீண்டும் ஒரு பேரழிவு நிகழ்ந்தது. 1995 ஜூலை 11இல், ஐ.நா.வின் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டிருந்த கிழக்கு பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகர் பொஸ்னிய செர்பியப் படையிடம் வீழ்ந்தது. அடுத்த சில நாட்களில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கென ஐ.நா. 1993இல் ஹேக் நகரில் நிறுவிய தீர்ப்பாயம் இதை இனப்படுகொலை என்று 2001இல் ஜெனரல் கிர்ஸ்டிச் வழக்கில் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்த பின்னரும் செர்பியாவில் மறுப்பு ஓயவில்லை. இந்நிலையில் 2005 ஜூன் 1ஆம் நாள், மிலோசெவிச் வழக்கின் விசாரணையில் ஒரு வீடியோ காட்டப்பட்டது. 'ஸ்கார்பியன்ஸ்' என்னும் படைப்பிரிவினர், ஸ்ரெப்ரெனிட்சாவிலிருந்து பிடித்துவரப்பட்ட அறுவரை ட்ர்னோவோ அருகே சுட்டுக் கொல்லும் காட்சி அது. கொல்லப்பட்டோருள் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர். நூரம்பர்க் படத்தை எடுத்தவர்கள் முகாம்களை விடுவித்த படையினர். இதை எடுத்தவர்களோ கொலையாளிகளே. தம் நினைவுக்கென எடுத்து வைத்த சுருளின் நகல்களை அழித்துவிடும்படி அவர்களின் தளபதி பின்னர் ஆணையிட்டார். ஒரு நகல் தப்பியது. பெல்கிரேடில் மனித உரிமைப் பணியாற்றிவந்த நடாஷா காண்டிச் என்னும் செர்பியப் பெண்மணி அதைத் தேடிப் பெற்றார். தம் நாட்டு மக்கள் பலரின் வெறுப்பை அதற்கு விலையாகக் கொடுத்தார்.

காட்சி செர்பியத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாயிற்று. கொல்லப்பட்ட சிறுவன் ஒருவனின் தாய் தம் மகனின் இறுதிக் கணங்களைத் திரையில் கண்டார். படத்தில் முகம் தெரிந்தோர் சில நாட்களில் கைது செய்யப்பட்டனர். 2007 ஏப்ரலில் பெல்கிரேடு நீதிமன்றம் நால்வருக்குத் தண்டனை விதித்து ஒருவரை விடுவித்தது. எனினும், ஹேக் விசாரணையில் காட்டப்பட்ட நாளில் அந்த வீடியோ சான்றாவணமாக ஏற்கப்படவில்லை. உலகை உலுக்கிய காட்சிக்கும், சட்டம் ஏற்கும் சான்றுக்கும் இடையேயுள்ள தொலைவை இது காட்டுகிறது. மிலோசெவிச்சோ 2006 மார்ச்சில் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்.

மறைக்கப்பட்ட வரிகள்

கொலை நடந்ததைப் படம் காட்டியது. கொலையாளிகளுக்குப் பின்னால் எந்த அரசு நின்றது என்பதை அது காட்டவில்லை. அதற்கு ஏடுகள் வேண்டும். செர்பியாவுக்கு எதிராகப் பொஸ்னியா தொடுத்த வழக்கு சர்வதேச நீதிமன்றத்தில் நடந்தபோது, பெல்கிரேடின் உச்சப் பாதுகாப்பு மன்றக் கூட்டங்களின் ஆவணங்கள் சில பகுதிகள் மறைக்கப்பட்ட நிலையிலேயே கிடைத்தன. அவற்றை முழுமையாக அளிக்குமாறு செர்பியாவுக்கு ஆணையிட வேண்டுமென்று பொஸ்னியா கோரியது. நீதிமன்றம் இணங்கவில்லை. 2007 பிப்ரவரி 26இல் வந்த தீர்ப்பு, ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலையே என்றது. அதைத் தடுக்கத் தவறிய குற்றத்தைச் செர்பியாமீது சுமத்தியது. இனப்படுகொலையைச் செய்த குற்றத்திலிருந்து விடுவித்தது. ஸ்கார்பியன்ஸ் படையும் அக்காலத்தில் அந்த அரசின் உறுப்பாக இருந்தது மெய்ப்பிக்கப்படவில்லை என்றது.

அமர்வின் துணைத்தலைவரான ஜோர்டானிய நீதிபதி அவ்ன் அல்-கஸாவ்னே இதில் மாறுபட்டார். மறைக்கப்பட்ட பகுதிகளைக் கேட்டுப் பெறாமல், சான்று போதவில்லை என்று முடிவுகட்டுவது முறையாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வரிகளைப் பெற்றிருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. கேட்கப்படவேண்டிய சாட்சி கேட்கப்படவில்லை என்பதே குறை.

யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் 161 பேர்மீது குற்றஞ்சாட்டி, 2017 டிசம்பர் 31இல் தன் பணியை முடித்துக்கொண்டது. அதன் பதிவுகள் நூரம்பர்க் ஒலித்தட்டுகள் சென்றடைந்த அதே ஹேக் நகரில் காக்கப்படுகின்றன. புதைகுழிகளிலிருந்து எடுக்கப்பட்டோரில் ஏறத்தாழ 7,000 பேர் மரபணுச் சோதனையால் அடையாளம் காணப்பட்டுள்ளனர். பொடோச்சாரி மையவாடியில் ஒவ்வொரு ஜூலை 11இலும், புதிதாக அடையாளம் காணப்பட்டோருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தி நல்லடக்கம் செய்கின்றனர். 2024 மே மாதத்தில் ஐ.நா. பொதுச்சபை அந்நாளை உலக நினைவு நாளாக அறிவித்தபோது 84 நாடுகள் ஆதரித்தன. 19 நாடுகள் எதிர்த்தன. 68 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. இத்தனை பதிவுகளுக்குப் பின்னும் நிலை இதுவே.

இந்த வரலாற்றில் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. உலகின் பல மூலைகளிலிருந்து கொடுமைகளின் படங்கள் நாள்தோறும் நம் கைகளுக்கு வந்து சேர்கின்றன. எங்கு, எப்போது, யாரால் எடுக்கப்பட்டவை என்று விசாரியாமல், இரக்கத்தின் வேகத்தில் அவற்றைப் பிறருக்கு அனுப்புகிறோம். வேறொரு நாட்டின் காட்சி, வேறோர் ஆண்டின் காட்சி அவற்றில் கலந்துவிடுகிறது. அத்தகைய ஒரு பொய் வெளிப்படும்போது, அதைக் காட்டி நூறு மெய்களை மறுக்க ஆட்கள் காத்திருக்கின்றனர். அந்த இழப்பு அனுப்பிய நமக்கன்று. புதைகுழியில் கிடப்போருக்கும் அவர்களைத் தேடும் தாய்மாருக்குமே. கெலாக் தம் பெயரிட்டுச் சத்தியம் செய்தார். காண்டிச் தம் பெயரை மறைக்காமல் சுருளைக் கொண்டுவந்தார். நாம் பிறர் முன் வைக்கும் ஒவ்வொரு படத்துக்கும் அவ்வாறு நம் பெயரால் பொறுப்பேற்க இயலுமா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம்.